புராஜெக்ட்டுக்குச் சொந்த வட்டாரத்தையே எடுக்கலாமா? வேலை பார்த்துக்கிட்டே எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறவங்க கொஞ்சம் சொல்லுங்க

வட்டாரத்துக்காரி (ஞாயிறு, இரவு 11.20)

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போறவ, இப்பதான் முதல் தடவையா எழுதுறேன். நீளமாயிடும், பொறுத்துக்கங்க.

வட மாவட்டம் ஒண்ணுல மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பார்த்துக்கிற வேலை. ஒப்பந்தப் பணிதான். என் பொறுப்புல 9 ஊராட்சி. படிச்சது பி.காம். எங்க ஊர் குழுவுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கப் போயி, ஊக்குநராகி, பயிற்றுநராகி, அப்படியே இதுக்குள்ள வந்துட்டேன். பையன் ஆறாவது போனதும், 34 வயசுல, தொலைதூரக் கல்வியில எம்.எஸ்.டபிள்யூ., அதான் சமூகப் பணி முதுகலை, சேர்ந்தேன். சமுதாய மேம்பாடு சிறப்புப் பாடம். இப்ப ரெண்டாவது வருஷம், புராஜெக்ட் நேரம்.

தலைப்பு: குழுக் கடன் வந்த பிறகு வீட்டுல முடிவெடுக்கிறதுல பெண்களோட பங்கு எப்படி மாறியிருக்கு. 40 கேள்வி, 60 பேர். என் வட்டாரத்துலயே எடுத்துடலாம்னு நினைச்சேன். வண்டி பெட்ரோல் மிச்சம், லீவும் போட வேண்டாம், எல்லாரும் தெரிஞ்ச முகம். கைடும் சரின்னுட்டார்.

முன்னோட்டமா 8 பேர்கிட்ட கேட்டுப் பார்த்தேன். நாலாவது கேள்வி இது: "கடன் தொகையை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுப்பவர் யார்? நான் / கணவர் / இருவரும் சேர்ந்து." எட்டு பேரும் ஒரே மாதிரி "நாந்தான் மேடம்"னாங்க. சிலர் கேள்விய முடிக்கிறதுக்குள்ளயே சொல்லிட்டாங்க. எனக்குச் சந்தோஷம்தான். ஏன்னா நான் அஞ்சு வருஷமா கூட்டத்துல சொல்லிக் கொடுக்கிற வசனமே அதுதானே.

அப்புறம் பஸ் ஸ்டாப்புல நின்னுட்டிருந்தேன். அந்த எட்டுல ஒரு அக்கா, கையில பால் கேனோட வேகமா வந்தாங்க. அக்கம்பக்கம் பார்த்துட்டு மெதுவா சொன்னாங்க: "மேடம், அந்தக் கேள்விக்கு நான் சொன்னத அடிச்சிடுங்க. செக் மாத்தின அன்னிக்கே அவரு வாங்கிக்கிட்டாரு. ஆனா நான் சொன்னேன்னு எழுதிடாதீங்க, அடுத்த லோனு நின்னுடப் போவுது."

பஸ் வந்துச்சு, ஏறிட்டேன். சீட்டுல உக்காந்ததுக்கப்புறம்தான் உறைச்சது. மீதி ஏழு பேர் ஏன் பஸ் ஸ்டாப்புக்கு வரலை? கடனுக்குப் பரிந்துரை எழுதுற ஆளே நோட்டும் பேனாவுமா முன்னால உக்காந்து "யார் முடிவெடுக்கிறா"ன்னு கேட்டா, வேற என்னதான் சொல்லுவாங்க?

இப்ப என்ன பண்ணட்டும்? தலைப்ப மாத்தவா, ஊர மாத்தவா, இல்ல அப்படியே எழுதி முடிச்சிடவா? அந்த அக்கா அடிக்கச் சொன்னத அடிச்சா பொய், எழுதினா துரோகம். தூக்கம் வரலை, அதான் இந்நேரத்துல எழுதிட்டிருக்கேன்.

நூறுநாள் (ஞாயிறு, இரவு 11.48)

மேடம், ஓவரா யோசிக்கிறீங்க. எங்க ஸ்டடி சென்டர் பக்கத்து ஜெராக்ஸ் கடையில பைண்டிங் பண்ண புராஜெக்ட் அடுக்கி வெச்சிருக்கான். ஊர் பேர் மட்டும் மாத்திக்கிட்டுப் போறாங்க. நீங்க நிஜமாவே எட்டு பேர்கிட்ட கேட்டிருக்கீங்க, அதுவே பெரிய விஷயம். 60 பேர்கிட்ட கேளுங்க, வர்றத எழுதுங்க, பட்டத்த வாங்குங்க. ஒப்பந்தப் பணியில எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சா 500 ரூபாய்கூட ஏறாதுங்கிறது தனிக் கதை.

ரிட்டயர்டு பிளாக் (திங்கள், காலை 5.35)

அம்மா, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விரிவாக்க அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காலையில் காப்பியோடு உங்கள் பதிவைப் படித்தேன். காப்பி ஆறிவிட்டது.

உங்கள் பாடப் புத்தகத்தில் முதல் அலகில் இது வந்திருக்கும்: 1952 அக்டோபர் 2, சமுதாய வளர்ச்சித் திட்டம், 55 இடங்களில் தொடக்கம். தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு எல்லோரும் தாண்டிப் போகும் பக்கம். நான் அந்தப் பக்கத்தின் வீட்டில் பிறந்தவன். என் அப்பா கிராம சேவக், அதாவது அந்தத் திட்டத்தின் ஊர் அளவிலான களப்பணியாளர். இன்று நாம் வாய்க்கு வாய் சொல்லும் "பிளாக்" அந்தக் காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட சொல்தான். அப்பாவுக்கு ஒரு சைக்கிள், ஒரு காக்கிப் பை, மாதம் ஒரு முன்னேற்ற அறிக்கை. அதில் கம்போஸ்ட் குழி எத்தனை, புகையில்லா அடுப்பு எத்தனை, ஜப்பான் முறை நடவு எத்தனை ஏக்கர் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும்.

அப்பா சொல்லிச் சிரிப்பார். மேலதிகாரி ஜீப் வருகிறது என்றால் முதல் நாள் சாயங்காலம் ஊரில் குழி வெட்டுவார்களாம். அதற்குப் பெயரே "ஜீப்புக் குழி". ஜீப் போனதும் மழை வந்து மூடிவிடும். ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. அப்பாவை அவர்களுக்குப் பிடிக்கும், அவர் திட்டு வாங்கக் கூடாதே என்று வெட்டினார்கள்.

1957-இல் பல்வந்த்ராய் மேத்தா குழு ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டு, இந்தத் திட்டத்தில் மக்களின் சொந்த முனைப்பு எழவில்லை என்ற கருத்தை எழுதி வைத்தது. மூன்றடுக்குப் பஞ்சாயத்து ராஜ் அந்தப் பரிந்துரையிலிருந்து கிளைத்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் எட்டுப் பெண்கள் சொன்ன "நாந்தான் மேடம்" எனக்கு ஜீப்புக் குழியாகத்தான் தெரிகிறது. உங்களைப் பிடித்துப்போய் வெட்டிய குழி. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைக் குழி என்று எண்ணி அறிக்கையில் ஏற்றிவிடாதீர்கள்.

ரெகுலர்காரி (திங்கள், காலை 9.10)

ஐயா சொன்னது அருமை. நான் ரெகுலரில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, சில வருஷம் தொண்டு நிறுவனத்தில் இருந்துவிட்டு, இப்போது கல்லூரியில் இதே பாடம் எடுக்கிறேன். வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு புராஜெக்ட் என் கைக்கு வரும்.

வட்டாரத்துக்காரி, முதலில் ஒன்று. அந்த எட்டு நேர்காணலையும் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் ஆய்வில் இதுவரை கிடைத்ததில் உருப்படியானது அதுதான். கேட்கிற ஆள் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது என்பதை முறையியல் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் படித்திருப்பீர்கள். நீங்கள் பஸ் ஸ்டாப்பில் பார்த்துவிட்டீர்கள்.

"இதுக்கும் லோனுக்கும் சம்பந்தம் இல்ல, தைரியமா சொல்லுங்க" என்று முன்னுரை போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆகாது. பதவியைச் செருப்பு மாதிரி வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக முடியாது. அது உங்களோடு திண்ணையில் உட்காரும், அவர்கள் போடும் டீயையும் குடிக்கும்.

செய்யக்கூடியது என்று பார்த்தால், உங்களைப் போலவே வேலை பார்த்துக்கொண்டு படிக்கிற ஒருவர், வேறு மாவட்டம், தொடர்பு வகுப்பில் யாராவது இருப்பார்களே? களத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் உங்கள் ஊருக்கு, நீங்கள் அவர் ஊருக்கு. கைடிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். யார் யாருக்காகக் கேட்டார்கள் என்பதை அறிக்கையிலும் மறைக்காமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் தலைப்பை உங்கள் பக்கம் திருப்புங்கள்: ஒரு களப்பணியாளருக்குக் குழுக்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை. இரண்டாவது கஷ்டம், ஆனால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

அந்த அக்கா விஷயத்தில் குழப்பமே வேண்டாம். எழுதாதே என்றார்கள், எழுதாதீர்கள். அவர் பதிலை முழுசாக நீக்கிவிட்டு, "ஒருவர் பின்னர் விலகிக்கொண்டார்" என்று ஒரு வரி போதும். அது பொய்யும் இல்லை, துரோகமும் இல்லை.

நூறுநாள் தம்பி, ஜெராக்ஸ் கடைப் புராஜெக்ட் எங்கள் மேஜைக்கும் வரும். ஒரே ஊரில் மூன்று வருஷமாக அதே 60 பேர், வயசுகூட ஏறாமல் இருப்பார்கள்.

பொட்டல்காடு (திங்கள், மதியம் 1.05)

ராமநாதபுரம் பக்கம் தண்ணி சம்பந்தமான ஒரு அமைப்பில் வேலை. நானும் இப்படிச் சேர்ந்து முதல் வருஷத்தோடு நிறுத்திட்டேன். கண்மாய் வேலை முடிஞ்சு ராத்திரி எட்டு மணிக்கு வந்து "சமூகக் குழுப்பணியின் கோட்பாடுகள்" படிச்சா கண்ணு சொக்குது. அக்கா, நீங்க எப்படி நேரம் ஒதுக்குறீங்க? அப்புறம், களத்துல பார்த்தத எழுதினா மார்க் போட மாட்டேங்கிறாங்களே, அது ஏன்?

வட்டாரத்துக்காரி (திங்கள், இரவு 10.40)

எல்லாருக்கும் நன்றி. ஐயா, ஜீப்புக் குழி என் தலைக்குள்ளயே சுத்திட்டிருக்கு.

பொட்டல்காடு தம்பி, நேரம் ஒதுக்கவெல்லாம் முடியாது, திருடணும். காலையில நாலரையிலிருந்து ஆறு. ஆறுக்கு மேல குக்கர் விசில். மத்தபடி பஸ்ஸுல படிக்கிறதுதான். ஒரு பாடத்த நானே என் குரல்ல போன்ல பதிஞ்சு வெச்சு, வண்டியில போறப்ப காதுல மாட்டிக்குவேன். பாடப் புத்தகம் தபால்ல வந்து சேரவே பரீட்சைக்கு மூணு வாரம் முன்னாடிதான் ஆச்சு, அந்தப் புலம்பல் வேண்டாம். சேர்றதுக்கு முன்னாடி, அந்தப் படிப்புக்கு அந்த வருஷம் யு.ஜி.சி.யோட தொலைதூரக் கல்விப் பிரிவு அங்கீகாரம் இருக்கான்னு மட்டும் பார்த்துக்கங்க. விளம்பரத்த நம்பாதீங்க.

மார்க் விஷயத்துக்கு எனக்கே ஒரு கதை இருக்கு. முதல் வருஷ அசைன்மென்ட்ல "பங்கேற்பு ஏணி" வந்துச்சு. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன்னு அமெரிக்காக்காரம்மா 1969-ல எழுதினது. எட்டுப் படி. அடிப்படியில மக்களைப் பேருக்கு உக்கார வெச்சுக் காரியம் சாதிக்கிறது, மேல் படியில மக்களே ஆளுறது. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அமைப்ப இந்த ஏணியில எங்க வைப்பீங்கன்னு கேள்வி. நான் உற்சாகத்துல ஒரு கிராம சபையை ரெண்டாவது படிக்குக் கீழ வெச்சு நாலு பக்கம் எழுதித் தள்ளினேன். 30-க்கு 11. ஓரத்துல சிவப்பு மையில "ஆதாரம்?"னு ஒரே வார்த்தை.

எனக்கு வந்துச்சே கோவம். நான்தாங்க ஆதாரம், அந்த வேப்ப மரத்தடியில தரையில உக்காந்திருந்தேன்! என்ன ஆதாரம் கேக்கறாங்க?

ரெகுலர்காரி (செவ்வாய், காலை 8.50)

உட்கார்ந்திருந்தது ஆதாரம் இல்லை, அம்மா. உட்கார்ந்து எண்ணியிருந்தால் ஆதாரம். பதிவேட்டில் எத்தனை கையெழுத்து, தலை எத்தனை, பெண் எத்தனை, யார் பேசினார், எவ்வளவு நேரம், தீர்மானம் கூட்டத்துக்கு முன்பு எழுதப்பட்டதா பின்பா. இத்தனையும் குறித்திருந்தால் அந்த ஆசிரியரால் 11 போட முடிந்திருக்காது. களத்தில் பார்த்ததை எழுதினால் மார்க் இல்லை என்று பொட்டல்காடு சொல்கிறாரே, பெரும்பாலும் காரணம் இதுதான். பார்த்ததை எழுதாமல், பார்த்ததால் வந்த கோபத்தை எழுதியிருப்போம்.

வட்டாரத்துக்காரி (செவ்வாய், காலை 9.02)

சுருக்குனு இருக்கு. ஆனா நிஜம்.

நம்ம மாநிலத்துல இப்ப வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த 11 மார்க்குக்கு அப்புறம் வந்த சபைக்கு ஒரு துண்டுச் சீட்டு எடுத்துட்டுப் போயி எண்ணினேன். கையெழுத்து 137. தரையில 61 பேர். அதுல பெண்கள் 44. பேசின பெண்கள் மூணு பேர், மூணு பேரும் சேர்த்து நாலு நிமிஷம். தெருவிளக்கு, தெருவிளக்கு, ரேஷன் கடை. இத்தனை வருஷம் போயிருக்கேன், எண்ணினது அன்னிக்குத்தான். இந்தப் படிப்பால எனக்கு என்ன கிடைச்சதுன்னு வீட்டுக்காரர் கேக்கறப்பல்லாம் அந்தச் சீட்டுதான் ஞாபகம் வரும்.

மட்டுநகரான் (செவ்வாய், இரவு 9.15)

நான் மட்டக்களப்பு. எங்கட பக்கம் இதைச் சமுதாய அபிவிருத்தி எண்டு சொல்லுவம். உங்கட கதையை வாசிக்க என்ர கதை மாதிரியே கிடக்கு.

2004 சுனாமிக்குப் பிறகு இஞ்ச வராத நிறுவனம் இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு கிழமையில நாலு வினாக்கொத்து. நான் அப்ப பள்ளிக்கூடம் முடிச்ச பெடியன், மொழிபெயர்க்கப் போனன். அப்பிடியே இந்த வேலைக்குள்ள வந்து, பிறகு பின்னேர வகுப்பில டிப்ளோமா படிச்சன். கச்சான் (உங்கட வேர்க்கடலை) விக்கிற அம்மா ஒராள்ட்ட நான் கேள்வி கேட்கத் தொடங்க, அவ சொன்னா: "தம்பி, போன கிழமை வந்தவங்களுக்கும் இதத்தான் சொன்னன். அவங்கட்ட வாங்கிப் பார்த்து எழுதிக்கங்களன்." கோவமில்லை, வலு அன்பாத்தான் சொன்னா. கச்சானும் தந்து அனுப்பினா.

மாதர் சங்கத்தில நுண்கடன் பற்றிக் கேட்கேக்க எனக்கும் உங்கட நாலாம் கேள்வி வந்தது. எல்லாரும் "நான்தான் தீர்மானிக்கிறன்". பயிற்சிப் பட்டறையில நாங்களே படிப்பிச்ச விடை. அதுக்குப் பிறகு ஒரு பழைய களப்பணியாளர் எனக்குச் சொல்லித் தந்தார்: ஆக்களிட்ட அபிப்பிராயம் கேளாத, பொருளைக் கேள். "தீர்மானம்", "பங்கு", "அதிகாரம்" எல்லாம் எங்கட சொல்லு, அவங்கட வீட்டில அது இல்லை. அவங்கட வீட்டில காசு இருக்கு, அது ஒரு இடத்தில இருக்கும், ஒரு ஆள் எடுக்கும். ஆகவே இப்பிடிக் கேள்: காசு கைக்கு வந்த அண்டு இரவு அது எங்க கிடந்தது?

நான் கேட்டுப் பார்த்தன். அதுக்குப் பிறகு நான் பேனையை மூடி வைச்சிட்டுக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தன்.

ஆனா ஒண்டு, ரெகுலர்காரி அக்காட்டயும் கேக்கிறன். களத்தை மாத்தினா எல்லாம் சரி வருமா? வெளியால இருந்து வந்தவங்களுக்கு எங்கட ஆக்கள் சொன்ன பொய்யள் எனக்குத் தெரியும். பொய்தான் வேற வேற.

நூறுநாள் (செவ்வாய், இரவு 9.31)

"காசு எங்க கிடந்தது". இது செம.

வட்டாரத்துக்காரி (ஐந்து வாரம் கழித்து, சனி, மாலை 6.30)

எல்லாரும் மறந்திருப்பீங்க. களம் மாத்திட்டோம். தென் மாவட்டத்துல இருந்து என் வகுப்புத் தோழி ஒருத்தி, பாலர் கல்வி சம்பந்தமான வேலையில இருக்கா. அவ இங்க வந்து 30 பேர்கிட்ட கேட்டா, நான் அங்க போயி 30. கைட் கையெழுத்துப் போட்டுட்டார், "உங்க இஷ்டம்"னு மட்டும் சொன்னார்.

அங்க நான் வெறும் "காலேஜ்ல இருந்து வந்திருக்கிற பொண்ணு". முதல் அரை மணி நேரம் அவங்கதான் என்னைப் பேட்டி எடுத்தாங்க. எத்தனை பிள்ளை, இந்த வயசுல எதுக்குப் படிப்பு, வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா? மேடம்னு யாருமே கூப்பிடலை. இத்தனை வருஷத்துல எனக்கு அது புதுசு.

வகுப்புல சொல்லித் தர்ற சமூக வரைபடத்தையும், அதான் ஊர்க்காரங்களே தங்க ஊரைத் தரையில வரையிறது, போட்டுப் பார்த்தோம். கோயில் வாசல்ல தண்ணி தெளிச்சு, கோலப்பொடி டப்பாவைக் குழுத் தலைவிகிட்ட கொடுத்தேன். சரசரன்னு கோயில், குளம், ரேஷன் கடை, மேலத்தெரு, கீழத்தெரு போட்டு முடிச்சாங்க. காலனியைக் கேட்டேன். "அது அந்தாண்ட"ன்னு ஓரத்துல ஒரு வட்டம். அதுக்குள்ள வீடு எதுவும் இல்லை. எட்டி நின்னு பார்த்துட்டிருந்த காலனிப் பாட்டிகிட்ட டப்பாவைக் கொடுத்து, அவங்க தெருவுலயே வேற ஒண்ணு போடச் சொன்னோம். பாட்டி தன் வீட்டு வாசல்லயிருந்து ஆரம்பிச்சுது. கைப்பம்பு, வேலிக்காத்தான், சுடுகாட்டுப் பாதை, மழைக்காலத்துல தண்ணி நிக்கிற இடம், எந்த வீட்டுல யார் திருப்பூர் போயிருக்காங்க, எல்லாம் வந்துச்சு. பொடி தீர்ற வரைக்கும் போட்டுது. அந்தப் படத்துல கோயிலே வரலை. "அங்க நாங்க எதுக்குப் போறோம்"னு கையத் தட்டிக்கிட்டு எழுந்திரிச்சுது. மக்களே பங்கெடுக்கிற ஆய்வு முறையைப் பத்தி எழுதின ராபர்ட் சேம்பர்ஸ் சொல்ற "கோலை அவங்க கையில கொடுங்க" நான் ரெண்டு மார்க் கேள்விக்குப் படிச்சது. யார் கையில கொடுக்கிறோங்கிறதுலதான் விஷயமே இருக்குன்னு அந்தப் பொடி டப்பா சொல்லிடுச்சு.

இப்ப சிக்கல். தோழி என் வட்டாரத்துல எடுத்த நோட்டுகளையும் போட்டோக்களையும் எனக்கு அனுப்பினா. பதில்கள் எனக்குச் சொன்னதவிட எவ்வளவோ நிஜம். ஆனா ஒரு இடத்துல "கறவை மாடு வாங்கியுள்ளார், நேரில் பார்த்தேன்"னு எழுதி, மாட்டோட போட்டோ. நெத்தியில வெள்ளைச் சுட்டி, இடது கொம்பு கொஞ்சம் உள்ளுக்கு வளைஞ்சது.

அந்த மாட்ட எனக்குத் தெரியும். போன வருஷம் ரெண்டு வேற குழுவுல, ரெண்டு வேற பேருக்கு, கடன் பயன்பாட்டுப் போட்டோவுல நின்ன அதே மாடு. என் போன்லயே இருக்கு, தேடி எடுத்துப் பார்த்தேன்.

மட்டுநகரான் சொன்னது சரியாப் போச்சு. பொய்தான் வேற வேற. அவளுக்கு மாடு தெரிஞ்சது. எனக்கு எந்த மாடுன்னு தெரிஞ்சது. வேலைன்னு பார்த்தா நான் மேல சொல்லணும். ஆனா "நீங்க சொல்றது வெளிய போகாது"ன்னு எங்க ஆய்வு சார்புல தோழி வாக்குக் கொடுத்திருக்கா. அந்த வாக்கு எனக்கும் சேர்த்துத்தானே?

ரெகுலர்காரி (சனி, இரவு 8.05)

பேரும் போட்டோவும் உங்கள் கைக்கு வந்ததே தப்பு. அதை நான் முதலிலேயே சொல்லாமல் விட்டது என் தப்பு. உங்கள் ஊர்த் தரவை எண் போட்டு, அடையாளம் எல்லாம் எடுத்துவிட்டுத்தான் தோழி உங்களிடம் கொடுத்திருக்க வேண்டும். இப்போதாவது அந்தப் போட்டோக்களை அழியுங்கள். வாக்கு உங்களுக்கும் சேர்த்துத்தான், அதில் சந்தேகமே இல்லை.

ரிட்டயர்டு பிளாக் (சனி, இரவு 8.40)

ஆய்வு வழியாகத் தெரிந்ததை அலுவலகத்துக்குக் கொண்டு போகாதீர்கள். அப்படிச் செய்தால் அந்த ஊரில் இனி எந்த மாணவரும் திண்ணையில் உட்கார முடியாது. ஆனால் உங்கள் போனில் இருக்கும் பழைய இரண்டு போட்டோவும் உங்கள் வேலையில் கிடைத்தவை. அவற்றை அருகருகே வைத்து நீங்கள் அன்றே பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் விட்டது ஏன் என்று யோசியுங்கள். நானும் என் காலத்தில் பார்க்காமல் விட்டவன்தான், கைவிரலில் எண்ண முடியாத அளவுக்கு.

நூறுநாள் (சனி, இரவு 9.00)

நான் ஒண்ணு கேக்கறேன். அந்த மூணு பேரும் தவணை கட்டுறாங்களா?

வட்டாரத்துக்காரி (சனி, இரவு 9.04)

கட்டுறாங்க. ஒரு மாசம்கூட நிக்கலை.

நூறுநாள் (சனி, இரவு 9.12)

அப்ப மாடு யாருக்கு வேணும்? படிவத்துக்கு வேணும். "மகளுக்கு நர்சிங் ஃபீஸ்"னு எழுதினா லோன் தள்ளிப் போகும்னு ஊருக்கே தெரியும், "கறவை மாடு"ன்னா சட்டுனு வரும். அதான் ஊருக்கு ஒரு மாடு நின்னு எல்லாருக்கும் போஸ் கொடுக்குது. நீங்க திருட்டைக் கண்டுபிடிக்கலை மேடம். உங்க படிவத்துல இல்லாத கட்டத்தக் கண்டுபிடிச்சிருக்கீங்க.

பட்டத்தப் பத்தி நான் முன்னாடி சொன்னத வாபஸ் வாங்கலை. 500 ரூபாய் ஏறாது. ஆனா இந்த மாட்ட எழுதுங்க.

மட்டுநகரான் (சனி, இரவு 9.40)

எங்கட பக்கம் அது கோழிக் கூடு. ஒரே கூடு, ஏழு வீடு.

ரெகுலர்காரி (சனி, இரவு 10.15)

நூறுநாள் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கந்துவட்டிக்காரனை அடைக்கவும் இதே மாடு நின்றிருக்கலாம், வீட்டுக்காரர் வாங்கிக்கொண்ட பணத்தை மறைக்கவும் நின்றிருக்கலாம். ஒழுங்காகத் தவணை வருகிறது என்பதால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. தவணை கட்ட அந்தப் பெண் எங்கே வேலைக்குப் போகிறாள், வேறு எங்கே வாங்கி இங்கே கட்டுகிறாள் என்பதும் கேட்க வேண்டியதே. அதனால் மாட்டை எழுதாதீர்கள், வட்டாரத்துக்காரி. ஊரில் ஒரே மாடு என்றால் படிக்கிறவர்கள் அடையாளம் கண்டுபிடிப்பார்கள். படிவத்தை எழுதுங்கள். கடன் நோக்கம் என்ற கட்டத்தில் எத்தனை தேர்வுகள் தரப்பட்டிருக்கின்றன, வீடுகளில் உண்மையில் எத்தனை வகைச் செலவு என்று.

பொட்டல்காடு (ஞாயிறு, காலை 7.20)

இந்த இழையைப் படிச்சிட்டுப் பரண் மேல போட்ட புத்தகக் கட்டை இறக்கிட்டேன். ஒரு மூலையில கரையான். மிச்சம் படிக்கலாம்.

வட்டாரத்துக்காரி (ஞாயிறு, இரவு 11.10)

போட்டோக்களை அழிச்சிட்டேன். தோழியும் அழிச்சிட்டா. இங்க எடுத்த 30-க்கும் பேரை எடுத்துட்டு எண் போட்டு மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கேன். பழைய ரெண்டு போட்டோவும் இருக்கு. திங்கக்கிழமை அந்த ரெண்டு குழுவுக்கும் வழக்கமான ஆய்வுக்குப் போறேன். மாட்டப் பத்திக் கேக்கப் போறதில்லை, தவணைப் பணம் எங்கிருந்து வருதுன்னு கேக்கலாம்னு இருக்கேன். மேல என்ன எழுதுறதுன்னு இன்னும் தெரியலை. ஐயா கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும், இங்க எழுதத்தான் கூச்சமா இருக்கு.

நாலாவது கேள்வியைத் தூக்கிட்டு, மட்டுநகரான் அண்ணன் சொன்னதப் போட்டேன். கைட் "இது என்னம்மா கேள்வி, பணம் ராத்திரி எங்க இருந்துச்சுன்னு?"ன்னு சிரிச்சார். அங்கயும் இங்கயும் சேர்த்து 60 பேருக்கும் இதையேதான் கேட்டோம். மத்த கேள்விக்கெல்லாம் ஒரு வார்த்தையில பதில் வரும், இதுக்கு மட்டும் அரைப் பக்கம். அரிசி ட்ரம்முக்குள்ள. மாமியார் பீரோவுல பட்டுப் புடவை மடிப்புல. அவரு சட்டைப் பையில. பக்கத்து வீட்டு அக்காகிட்ட, வீட்டுக்குத் தெரியாம. நான் போன ஊர்ல ஒருத்தங்க மட்டும் ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டுச் சொன்னாங்க: "ராத்திரி வரைக்கும் எங்கம்மா இருந்துச்சு? சாயந்தரமே அவன் வந்து வாசல்ல உக்காந்துட்டான்."

வைவா (புராஜெக்ட் வாய்மொழித் தேர்வு) தேதி வந்ததும் சொல்றேன்.